மஞ்சளில் ஈயம்: ஒரு நிமிடக் கருவியா, 14 நாள் ஆய்வகமா?

ஈரோடு மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து, உள்நிறம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் இது. ஆனால், ‘நல்ல கலர்’ மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகாது. மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்ட லெட் குரோமேட் என்ற நிறமியைச் சேர்ப்பது தெற்காசியச் சந்தைகள் சிலவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆய்வகம் என்ன செய்கிறது?

மஞ்சளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஐசிபி-எம்எஸ் கருவியில் அளப்பார்கள். நூறு கோடியில் சில பங்கு ஈயம் இருந்தாலும் தெரியும். ஆனால் நேரம் பிடிக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். கோவை, சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. அறிக்கை வருவதற்குள் சரக்கு விற்றே போயிருக்கலாம்!

விரைவுக் கருவி எப்படி?

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி மஞ்சள் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். ஓரிரு நிமிடத்தில் ஈயம் காட்டிக்கொடுத்துவிடும். 2019-ல் டாக்கா மொத்தச் சந்தையில் அதிகாரிகள் இதை வைத்துக் கடையிலேயே சோதித்து அபராதம் போட்டார்கள்; விழிப்புணர்வுப் பிரசாரமும் நடந்தது. வங்கதேசச் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம், 2021-ல் பூஜ்யமானது.

அப்போ ஆய்வகமே வேண்டாமா?

வேண்டும். மஞ்சளில் ஈயத்துக்கு இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். கருவி நூற்றுக்கணக்கில் காட்டினால் சந்தேகமே இல்லை. 9, 11 என்று வரம்பை ஒட்டிக் காட்டினால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. வழக்கு என்று வந்தால் பகுப்பாய்வாளரின் அறிக்கைதான் பேசும். மெட்டானில் மஞ்சள் போன்ற சாயங்களையும் எக்ஸ்ஆர்எஃப் அடையாளம் காட்டாது.

குர்குமின் அளவைச் சொல்லும் அகச்சிவப்புக் கருவியின் கதையும் இதுதான். ஆய்வகத்தில் அளந்த மாதிரிகளை வைத்துத்தான் அதைப் பழக்க வேண்டும். அந்த அளவு தப்பானால் கருவியும் தப்பாகத்தான் சொல்லும்.

ஆக, மண்டி வாசலில் சல்லடையாகக் கருவி, தீர்ப்புக்கு ஆய்வகம்.

ஒரு விஷயம்: ‘முழு மஞ்சளா வாங்கி அரைச்சா கவலையில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். பாலிஷ் போடும்போது முழு மஞ்சள் மேலேயே இந்தப் பூச்சு ஏற்றப்படுகிறது.