விளக்கொளியில் பார்த்த துண்டுகள்

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஓரத்தில் துளை வரிசை, நடுவில் ஒரு படம். மேசை விளக்கின் முன்னால் தூக்கிப் பிடித்தால் கூர்காதோடு ஸ்பாக் நிற்பார். கேப்டன் கிர்க் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் உறைந்திருப்பார். 1960களின் கடைசியில், அமெரிக்காவின் ‘ஸ்டார் டிரெக்’ விண்வெளித் தொடரின் ரசிகருக்கு அபூர்வப் படம் என்றால் அதுதான். தபாலில் பணம் அனுப்பி, காத்திருந்து வாங்கிய ஃபிலிம் துண்டு.

அந்தத் துண்டுகள் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடரை 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். ஒரே காட்சியைப் பலமுறை எடுப்பார்கள். எடிட்டிங் மேசையில் நல்லது மட்டும் ஒட்டப்படும், மிச்சம் குப்பைக்கூடைக்குப் போகும். எந்த ஸ்டூடியோவிலும் அதுதான் வழக்கம். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி அந்த மிச்சத்துக்கு மதிப்பு இருப்பதைக் கண்டார். தொடரில் நர்ஸ் சாப்பலாக நடித்தவரும் பிறகு அவருடைய மனைவியானவருமான மேஜல் பாரெட் நடத்திய லிங்கன் எண்டர்பிரைசஸ் என்ற தபால்வழி நிறுவனம் திரைக்கதைப் பிரதிகளோடு ஃபிலிம் துண்டுகளையும் விற்றது. தொடர் நின்றுவிடாமல் இருக்கக் கடிதப் போராட்டம் நடத்திய ரசிகை பீஜோ டிரிம்பிள் அந்த வியாபாரத்தின் தொடக்க நாட்களில் உடனிருந்தார். ரசிகர்களின் அன்பைக் காசாக்கும் வேலை என்று இதைக் குறைசொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கிடங்கில் கிடந்திருந்தால் ஒரே நாளில் எரிந்தோ எறியப்பட்டோ போயிருக்கும். ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சிதறியதால்தான் பிழைத்தது.

அன்று ஒரு படத்துக்காகப் பட்ட பாட்டை இன்று கற்பனை செய்வதே கடினம். வீடுகளில் வீடியோ ரெக்கார்டர் கிடையாது. 79 எபிசோடுகளோடு 1969இல் தொடர் முடிந்தது. பிறகு உள்ளூர் நிலையங்கள் அதை மறுஒளிபரப்புச் செய்தபோது, விளம்பரத்துக்கு இடம் வேண்டி ஒவ்வொரு எபிசோடிலும் சில நிமிடங்களை வெட்டின. முதல் ஒளிபரப்பில் பார்த்த காட்சி மறுமுறை காணாமல் போயிருக்கும். ‘அப்படி ஒன்று இருந்ததா, நாம்தான் கனவு கண்டோமா’ என்று சந்தேகம் வரும்.

அதனால் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்பே கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டார்கள். அறை விளக்கை அணைக்க வேண்டும். ஃபிளாஷ் போடக் கூடாது, போட்டால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு மட்டும்தான் மிஞ்சும். அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு நொடிக்கு 30 முறை படத்தைக் கோடுகோடாக வரைந்து முடிக்கும். ஷட்டர் அதைவிட வேகமாக மூடினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். மெதுவாக வைத்தாலோ, நடிகர் கையை ஆட்டிவிட்டால் முகமே கரைந்துபோகும். அவர் அசையாத நொடிக்காக, இருட்டில், ஷட்டர் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபிலிம் சுருள் கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்றும் தெரியாது.

கிடைத்ததைப் பிறருக்குக் காட்டுவது அதைவிடப் பெரிய சிக்கல். ‘ஸ்டார் டிரெக்’குக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழான ‘ஸ்பாக்கனேலியா’ 1967இல் நியூயார்க்கில் வெளியானது. அக்காலத்து ரசிகர் இதழ்கள் பலவும் ஸ்டென்சில் வெட்டி, கையால் சுழற்றும் இயந்திரத்தில் அச்சிட்டவை. ஸ்டென்சிலில் எழுத்து ஏறும், கோடு ஏறும், புகைப்படம் ஏறாது. ஆகவே ஃபிலிம் துண்டையோ பத்திரிகைப் படத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் வரைந்தார்கள். தொலைவில் இருந்த வாசகருக்குக் கிடைத்தது புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் வரைந்த சித்திரம். அந்தச் சித்திரங்களில் ஸ்பாக்கின் புருவ வளைவு மட்டும் எப்போதும் சற்று மிகையாக இருக்கும். ஆசையோடு பார்த்த கை அப்படித்தான் வரையும்.

1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் ஹோட்டலில் ரசிகர் மாநாடு ஒன்று கூடியது. சில நூறு பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணியிருக்க, மூவாயிரத்துக்கும் மேல் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு மாநாடுகள் பெருகின. வியாபார அறைகளில் அட்டைச் சட்டத்தில் செருகிய ஸ்லைடுகள் குவிந்தன. சினிமா ஃபிரேம் சாதாரண ஸ்லைடின் படப்பரப்பில் ஏறத்தாழப் பாதிதான். தெரியாமல் வாங்கியவர் வீட்டு புரொஜெக்டரில் போட்டால் சுவரில் சின்னதாகத்தான் விழும். நல்ல துண்டு வைத்திருந்தவர் காட்டுவார், கொடுக்கமாட்டார். மிகவும் நெருங்கியவருக்கு நகல் எடுத்துக் கொடுப்பார். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல், அதிலிருந்து இன்னொன்று என்று போகப்போக இருட்டு இன்னும் இருண்டு, வெளிச்சம் வெளுத்து, நடுவிலிருந்த நுணுக்கமெல்லாம் செத்துப்போகும். அப்படி நான்காம் கையாக வந்த படத்தையும் போற்றிப் பாதுகாத்தார்கள்.

ஆனால் இழுப்பறைக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அக்கால ஈஸ்ட்மன் கலர் பிரதிகளில் மூன்று சாயப் படலங்கள் உண்டு. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட வேகமாக மங்கக்கூடியது. அது போனால் படம் சிவக்கும். ஸ்பாக்கின் நீலச் சட்டை ஊதாவாகும், விண்கலத்தின் சுவர் ரோஜாநிறமாகும். பத்திருபது ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறந்தவருக்கு எல்லாமே குங்குமக் கரைசலில் நனைத்தெடுத்ததுபோல இருந்தது. பலர் கெட்டுப்போனது என்று எறிந்துவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

ஏனென்றால் அவை கெட்டுப்போகவில்லை. இன்று அதே துண்டை நல்ல ஸ்கேனரில் வைத்தால், மங்கிய சாயத்தின் கடைசிச் சுவட்டையும் கருவி எடுத்துக்கொள்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்து, தேய்ந்ததை மட்டும் உயர்த்தி, கீறலையும் தூசியையும் ஒவ்வொன்றாக அகற்றுகிறார்கள். ஒரே துண்டுக்கு மாலைகள் பல செலவாகலாம். ரோஜாநிறச் சுவர் மெல்லச் சாம்பலாகித் திரும்பும் அந்தக் கணத்துக்காகவே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டேவிட் டிலோட்டாவும் கர்ட் மெக்கலோனியும் இப்படித் தேடிச் சேர்த்துத் துலக்கிய ஃபிரேம்களைக் கொண்டு 2018இல் ‘ஸ்டார் டிரெக்: லாஸ்ட் சீன்ஸ்’ என்ற நூலையே வெளியிட்டார்கள். ஒளிபரப்புக்கு முன்பே வெட்டப்பட்ட காட்சிகள் அதில் உயிர் பெற்றன. காட்சி எண்ணும் டேக் எண்ணும் எழுதிய கிளாப் பலகை ஒரு துண்டில் இருந்தால் போதும், அதைத் திரைக்கதைப் பிரதியோடு பொருத்தி எந்தக் காட்சி விடுபட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். அன்று பலகை தெரியும் துண்டு வந்தால், ‘ஸ்பாக் முகத்தை மறைத்துவிட்டதே’ என்று ஏமாந்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அதுதான் பொக்கிஷம்.

தேடும் பொருளே மாறிவிட்டது. தொடரின் எபிசோடுகள் துல்லியமான வட்டுகளில் முழுதாகக் கிடைக்கும்போது, திரையில் வந்த முகத்துக்காக யாரும் படம் தேட வேண்டியதில்லை. இப்போது தேடுவது ஃபிரேமின் ஓரத்தை: விளக்குத் தாங்கி, தரையில் ஒட்டிய அடையாள நாடா, சுவர்ப் பலகையின் பின்னே தெரியும் மரச்சட்டம். பேச்சும் அதற்கேற்ப மாறியது. கிர்க்கின் பொன்னிறச் சட்டை உண்மையில் பொன்னிறமே இல்லை, பச்சை சார்ந்த துணி. படப்பிடிப்பு விளக்குக்கும் அந்த ஃபிலிமுக்கும் இடையில் அது பொன்னாகத் தெரிந்தது. அதே பச்சையை வேறு துணியில் தைத்தபோது திரையிலும் பச்சையாகவே வந்தது. அவருடைய விழா உடையைப் பார்த்தால் தெரியும். செட்டில் வேறு கேமராவால் எடுத்த படங்களை வரிசையாக வைத்துச் சட்டையின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்காக விவாதிப்பதை வெளியார் வேடிக்கையாகப் பார்க்கலாம். நான் அதில் ஒரு சுவடியைப் பாடபேதம் பார்க்கும் பொறுமையைக் காண்கிறேன்.

அந்தப் பொறுமைக்கு இன்று ஒரு புதிய ஆபத்து வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தைக் கூர்மையாக்கும் செயலிகள், ஃபிலிமில் இல்லாத இடத்தைத் தாமே ஊகித்து நிரப்பிவிடுகின்றன. மங்கலாக இருந்த பலகையில் இல்லாத பொத்தான்கள் முளைக்கின்றன. பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் சாட்சியாக நிற்காது. முன்பு நகல் நுணுக்கத்தைத் தின்றது. இது நுணுக்கத்தைப் புனைகிறது. இரண்டில் இரண்டாவதே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

சாட்சி என்று நான் சொல்வது மிகையில்லை என்பதற்குத் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் மாதிரிகளே ஆதாரம்.

மேட் ஜெஃப்ரிஸ் வடிவமைக்க, ரிச்சர்ட் டேட்டின் 1964இல் முதலில் 33 அங்குல மாதிரி ஒன்றைச் செய்தார். பிறகு கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் இருந்த ஒரு மாதிரிப் பட்டறையில் 11 அடி நீளப் பெரிய மாதிரி உருவானது. சிறியது ராடன்பெர்ரியின் மேசையில் இருந்தது. 1979இல் வெளிவந்த முதல் திரைப்படத்தின் வேலைக்காக இரவல் கொடுத்தார், திரும்பவில்லை. 2023 இலையுதிர் காலத்தில் ஈபே ஏலத்தில் ஒரு பழைய மாதிரி 1,000 டாலர் தொடக்க விலையில் தோன்றியது. ரசிகர்கள் கண்டுகொண்டார்கள். பல ஆண்டுகளாகப் பழைய படங்களில் அதன் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்திருந்த கண்கள் அவை. விற்க வந்தவர் அதை ஏலத்திலிருந்து விலக்கி ஹெரிடேஜ் ஏல நிறுவனத்திடம் கொண்டுபோனார், வல்லுநர்கள் சோதித்தார்கள். 2024 ஏப்ரலில் அது ராடன்பெர்ரியின் மகன் ராட் கைக்கு வந்தது. தந்தை 1991இலேயே காலமாகியிருந்தார்.

பெரிய மாதிரி தொலையவில்லை. ஆனால் அதற்கு நேர்ந்தது வேறு வகைத் தொலைதல். 1974இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வான் விண்வெளி அருங்காட்சியகத்துக்கு அது வந்து சேர்ந்தபோது சில பாகங்கள் இல்லை. முன்புறக் கிண்ணத்தைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். 1970களிலும் 80களிலும் 90களின் தொடக்கத்திலும் பழுது பார்த்துச் சாயம் பூசினார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல எண்ணம்தான். ஆனாலும் அழுத்தமாகப் போட்ட கட்டக் கோடுகளைப் பார்த்து, ‘இது எங்கள் கப்பல் இல்லையே’ என்று பழைய ரசிகர்கள் வருந்தினார்கள்.

2014இல் மாதிரியைக் காட்சியிலிருந்து இறக்கி, வாஷிங்டனுக்கு வெளியே உள்ள பாதுகாப்புக் கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். எக்ஸ்-ரே எடுத்து உள்ளமைப்பைப் பார்த்தார்கள், சாயப் படலங்களை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்தார்கள். எந்தக் காலத்துத் தோற்றத்துக்குத் திருப்புவது என்ற கேள்விக்கு, 1967 ஆகஸ்டு என்று விடை முடிவானது. அதன்பின் படப்பிடிப்புக்காக மாதிரியில் மாற்றம் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று அது எப்படி இருந்தது? 2015இல் அருங்காட்சியகம் பொதுமக்களைக் கேட்டது: 1976க்கு முன் நீங்களே எடுத்த படம் இருந்தால் தாருங்கள். கட்டும்போது, படப்பிடிப்பில், பார்வைக்கு வைத்தபோது, எதுவானாலும் சரி. 1972இல் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச்சில் உள்ள கோல்டன் வெஸ்ட் கல்லூரியில் அந்த மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அன்று வேடிக்கை பார்க்க வந்து கையிலிருந்த சாதாரண கேமராவால் சுட்ட படங்கள், பிற்காலக் கைகள் படாத கப்பலைக் காட்டின. அருங்காட்சியகக் குழுவோடு மைக்கேல் ஒகூடா, கேரி கெர் போன்றவர்களும் ஆலோசகர்களாக உட்கார்ந்தார்கள். இளவயதில் ரசிகர்களாக இருந்து, அந்தப் பற்றே தொழிலும் ஆராய்ச்சியுமாக ஆனவர்கள்.

எழுத்துகளின் இடம், ஜன்னல்களின் எண்ணிக்கை போன்றவற்றுக்குப் புகைப்படங்களிடம் விடை இருந்தது. நிறத்துக்கு இல்லை. எந்தப் படத்தை நம்புவது? ஒன்று சிவந்திருந்தது, ஒன்று நீலத்திரை வெளிச்சத்தில் எடுத்தது, ஒன்று நகலின் நகல். கப்பல் வெள்ளையா, சாம்பலா, பச்சை கலந்ததா என்று ரசிகர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டது வீம்பினால் அல்ல. ஒவ்வொருவர் கையிலும் இருந்த துண்டு ஒவ்வொரு விதமாக மங்கியிருந்தது.

விடை மாதிரியின்மேலேயே இருந்தது. பழுது பார்த்தவர்கள் எல்லோரும் கப்பலின் வட்டத் தட்டின் மேற்புறத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். அங்கே 1960களின் அசல் சாயம், சற்றே பச்சை கலந்த சாம்பல், அப்படியே இருந்தது. அதன்மேல் மெல்லிய பென்சில் கோடுகள். மற்ற பகுதிகளுக்கெல்லாம் அதைப் பார்த்துச் சாயம் கலந்து பூசி, 2016 ஜூன் 28 அன்று மாதிரியைப் பார்வைக்கு வைத்தார்கள். மேல்தட்டை மட்டும் கவனமாகத் துடைத்து, அந்தப் பென்சில் கோடுகளோடு விட்டுவிட்டார்கள்.