யூனிக்ஸ் நிரல்களில் ஃபோர்க் அழைப்பும் இழைகளும்: பாதுகாப்பான இணைப்பு முறைகள்

ஆய்வுச்சுருக்கம்

பல இழைகள் இயங்கும் யூனிக்ஸ் நிரலில் ஃபோர்க் அழைப்பைப் பயன்படுத்தினால், அந்நிரல் பிழைச்செய்தி ஏதுமின்றி உறைந்துவிடக்கூடும். அதன் காரணத்தையும் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஃபோர்க், இழை, பூட்டு, போசிக்ஸ், பைத்தான்.

முன்னுரை

ஃபோர்க் அழைப்பு 1971ஆம் ஆண்டு வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இடம்பெற்றது. இயங்கும் செயல்முறையைப் படியெடுத்துச் சேய்ச் செயல்முறை ஒன்றை உருவாக்குவது அதன் பணி. இழைகளோ 1995இல்தான் போசிக்ஸ் தரத்தில் சேர்ந்தன. ஒரு செயல்முறைக்கு ஓர் இயக்க ஓட்டம் மட்டுமே இருந்த காலத்தில் தோன்றிய அழைப்பு, பல ஓட்டங்கள் கொண்ட நிரலில் இடர் தருகிறது. பெருந்தரவைப் பல செயல்முறைகளுக்குப் பகிர்ந்தளித்து ஆராய்வோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சிக்கலின் தோற்றம்

போசிக்ஸ் தரத்தின்படி, ஃபோர்க்கை அழைத்த இழை மட்டுமே சேயில் தொடர்கிறது. பிற இழைகள் அங்கு இருப்பதில்லை. ஆனால் நினைவகம் முழுவதும் அந்நொடியில் இருந்த நிலையிலேயே படியெடுக்கப்படுகிறது. முதல் இழை பதிவேட்டின் பூட்டைக் கைக்கொண்டு எழுதுகையில், இரண்டாம் இழை ஃபோர்க்கை அழைப்பதாகக் கொள்வோம். சேயில் பூட்டு மூடியே இருக்கும். அதைத் திறக்க வேண்டிய முதல் இழை அங்கு இல்லை. சேய் பதிவேட்டில் எழுத முயன்றால் முடிவின்றிக் காத்திருக்கும். சேயின் முடிவை எதிர்நோக்கும் தாயும் உடன் உறையும்.

பூட்டை வலிந்து திறப்பதும் தீர்வாகாது. அது காத்த தரவு பாதி மாற்றப்பட்ட நிலையில் இருக்கலாம். அத்தரவைக் கொண்டு பெறும் முடிவு பிழையாக அமையும். மேலும், இப்பிழை இழைகளின் கால ஒழுங்கைச் சார்ந்தது. பலமுறை சரியாக இயங்கிய நிரலும் ஒருநாள் உறையலாம். எனவே சோதனையில் தேறியது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

பாதுகாப்பான முறைகள்

1. தேவையான சேய்ச் செயல்முறைகளை முதலில் உருவாக்கி, பின்னரே இழைகளைத் தொடங்குதல். நூலகங்கள் தாமாகவே இழைகளைத் தொடங்கக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

2. சேயில் உடனடியாக எக்ஸெக் அழைப்பால் புதிய நிரலை ஏற்றுதல். அதுவரை, சைகைக் கையாளிகளில் பயன்படுத்தத் தக்கவை எனப் போசிக்ஸ் வரையறுத்த அழைப்புகளை மட்டுமே பயன்படுத்தலாம். மாலக், பிரிண்ட்எஃப் ஆகியவை அப்பட்டியலில் இல்லை. ஆகவே புதிய நிரலுக்குரிய உள்ளீடுகளை ஃபோர்க்குக்கு முன்பே ஆயத்தம் செய்தல் வேண்டும். இவ்விரு படிகளையும் ஒன்றாக்கித் தருவது போசிக்ஸ் ஸ்பான் அழைப்பு.

3. இழைகள் தோன்றுமுன் தனியொரு துணைச் செயல்முறையை உருவாக்கி, பின்னர் வேண்டப்படும் சேய்களை அதன்வழியே பெறுதல்.

ஃபோர்க்குக்கு முன்னும் பின்னும் பூட்டுகளைச் சீர்செய்யப் பிதிரெட் அட்ஃபோர்க் என்னும் வசதியும் உண்டு. ஆயினும் நிரலிலும் நூலகங்களிலும் உள்ள எல்லாப் பூட்டுகளையும் உரிய வரிசையில் கையாண்டால்தான் அது பயன்தரும்; பெரிய நிரல்களில் இது அரிது.

பைத்தான் காட்டும் சான்று

இழைகள் இயங்கும்போது ஃபோர்க் அழைக்கப்படுவதைக் கண்டறிந்தால், பைத்தான் 3.12 பதிப்பு எச்சரிக்கை தருகிறது. 3.14 பதிப்பில், லினக்ஸில் பல்செயல்முறைத் தொகுதியின் இயல்பு முறை ஃபோர்க்கிலிருந்து, மேற்கூறிய மூன்றாம் முறையைச் சார்ந்த ஃபோர்க்சர்வருக்கு மாற்றப்பட்டது.

முடிவுரை

இச்சிக்கலுக்குத் தீர்வு, உறைந்த பின் பூட்டுகளைச் சீர்செய்வதில் இல்லை. இழைகள் தோன்றுமுன் பிரிவது, அல்லது பிரிந்தவுடன் புதிய நிரலை ஏற்றுவது என்னும் வடிவமைப்பு ஒழுங்கிலேயே உள்ளது. கணிப்பு முடிவுகளின் நம்பகத்தன்மையை நாடும் ஆய்வாளர், நிரலை எழுதத் தொடங்கும்போதே இவ்வொழுங்கை வகுத்துக்கொள்ளுதல் நலம்.