இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்?

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய வைத்தியசாலையில் சொல்லி அனுப்பிய பிறகு, புத்தளம் மாவட்டத்தின் மாம்புரிக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தின் கையில் இருப்பது டயக்னோசிஸ் கார்டும் ஒரு பை குளிசைகளும்தான். பாலாவியில் திரும்பி, நுரைச்சோலையைக் கடந்து வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நோயாளியை இறக்கிப் படுக்க வைத்ததும் வீட்டிலுள்ள எல்லோர் மனதிலும் எழுவது ஒரே கேள்வி. இரவில் வலி வந்தால் என்ன செய்வது?

தீராத நோயோடு இருப்பவரின் கடைசி மாதங்களைக் கவனிப்பது ஒரு ஹொஸ்பிஸ் இல்லமாக இருக்கலாம், வீட்டுக்கு வரும் தாதியர் குழுவாக இருக்கலாம், வைத்தியசாலையின் ஒரு பிரிவாக இருக்கலாம். எதுவானாலும் அதன் தரத்தை அளக்க இந்தக் கேள்வியைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கட்டடத்தையும் கட்டிலையும் சுவரில் தொங்கும் சான்றிதழையும் பகலில் யாரும் காட்டலாம். நோயாளிக்கு நீளமானது இரவு. அந்த இரவுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் உண்மை தெரியும்.

கைவிடப்பட்டவர்களுக்கான சிகிச்சை அல்ல

நோய்த்தணிப்புப் பராமரிப்பு (palliative care) என்றால் சாகப்போகிறவருக்குச் செய்யும் கடைசிச் சேவை என்றே பலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தால் குடும்பங்கள் மாதக்கணக்கில் தாமதித்துவிடுகின்றன. லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கியபோதே, வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்று சொன்னார். அந்த வலிகளை எல்லாம் சேர்த்துப் பார்ப்பதே இந்தத் துறை. நோய் தெரிந்த நாளிலிருந்தே, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து இதைத் தொடங்கலாம். அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர்கள் 151 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பைப் பெற்றவர்களின் வாழ்க்கை மேலும் சுகமாக இருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் அவர்கள் வாழ்ந்தார்கள்.

புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் அல்ல. சிறுநீரகம் செயலிழந்தவர், பாரிசவாதத்தில் படுக்கையானவர், இருதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவர், மறதிநோயில் பேச்சிழந்தவர் எல்லோருக்கும் இது வேண்டும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 5 கோடி 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்புத் தேவைப்படுகிறது என்றும், அதைப் பெறுவோர் 14 சதவீதம் மட்டுமே என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.

மாம்புரியிலிருந்து பார்த்தால்

இலங்கையில் ஹொஸ்பிஸ் கட்டில்கள் மிகக் குறைவு. பேர்பெற்றது மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன. அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையும் அந்த ஊரில்தான். மாம்புரியிலிருந்து அந்த ஊர் 150 கிலோமீட்டருக்கு மேல். படுத்த படுக்கையாக இருப்பவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனால், மீன்பிடிக்கும் மகனோ வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் மகளோ வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவருவதுகூடச் சிரமம். ஆகவே இந்தக் கரையோர ஊர்களில் தரத்தைப் பற்றிப் பேசும்போது, வீட்டுக்கு வந்து சேரும் பராமரிப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரையிலான தேசியத் திட்டம் ஒன்றைச் சுகாதார அமைச்சு வகுத்தது. பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்ட இடங்களில் அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறார்கள், குழாய் மாற்றுகிறார்கள். உங்கள் பகுதிக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, கற்பிட்டி அல்லது புத்தளம் வைத்தியசாலையிலோ நேரில் கேளுங்கள். வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்.

பணக்கார நாடுகளில்தான் இது நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கடலுக்கு அப்பால் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சிறு கிளினிக், ஊர் மக்களே பயிற்சி பெற்று அயல்வீட்டு நோயாளியைக் கவனிக்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது. பள்ளிவாசல் நிர்வாகமும் கோவில் சபையும் பங்குச் சபையும் இருக்கும் எந்த ஊருக்கும் இது முடியாத காரியம் அல்ல. மாம்புரியிலும் முடியும்.

இரவு ஏற்பாடு

ஒரு நிறுவனத்தையோ குழுவையோ தெரிவு செய்யுமுன் முதலில் கேட்க வேண்டியது: "இரவில் கூப்பிட்டால் யார் எடுப்பார்? அவருக்கு எங்கள் நோயாளியைத் தெரிந்திருக்குமா?" தொலைபேசி எண் தருவது பெரிய காரியமில்லை. நல்ல குழுவோடு நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"மிஸ், உம்மா வலியில துடிக்கிறா. பத்து மணி மருந்து குடுத்திட்டம்."

"கூடுதல் வலிக்கெண்டு வேறயாத் தந்த குளிசை இருக்குதானே தம்பி? டொக்டர் எழுதினபடி அதில ஒண்டு குடுங்க. ஒரு மணித்தியாலம் பாருங்க. குறையாட்டித் திரும்ப எடுங்க, நான் இருப்பன்."

இந்தச் சில வரிகளில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. திடீர் வலிக்கான மருந்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை எப்போது கொடுக்கலாம் என்று வீட்டாருக்குப் பழக்கியிருக்கிறார்கள். பேசும் தாதிக்கு நோயாளியின் விபரம் தெரிகிறது. இதற்கு மாறாக, எந்த நேரம் எடுத்தாலும் "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்ற ஒரே பதில் வருமானால், அது பராமரிப்பு அல்ல. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய உதவிதான். ஆனால் கடைசி வாரங்களில் இருக்கும் ஒருவரை ஒவ்வொரு இரவும் வண்டியில் ஏற்றி இறக்குவது அவரை வதைப்பதாகும்.

அமெரிக்காவில் ஹொஸ்பிஸ்களின் தரத்தை மதிப்பிட, நோயாளி இறந்து சில மாதங்களின் பின் குடும்பத்தாருக்கு ஒரு கேள்விக்கொத்து அனுப்புகிறார்கள். மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் கேட்ட உதவி கிடைத்ததா? வருவதாகச் சொன்ன நேரத்தை முன்கூட்டி அறிவித்தார்களா? நோயாளியைக் கவனிக்கும் முறையைச் சொல்லித் தந்தார்களா? இவற்றை நாமும் கேட்கலாம். அந்தக் குழு ஏற்கெனவே பார்த்த ஒரு குடும்பத்தை அவர்கள் சம்மதத்தோடு சந்தித்துப் பேசுங்கள். விளம்பரத் துண்டு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வலியைக் கேட்கிறார்களா?

முதல் நாள் வருபவர் பிரஷர் பார்ப்பதற்கு முன் வலியைப் பற்றிக் கேட்க வேண்டும். எங்கே, எப்படி, எப்போது கூடுகிறது, தூக்கம் கெடுகிறதா, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? எண் சொல்லத் தெரியாத மூதாட்டியிடம் விரல்களைக் காட்டிக் கேட்கலாம். பேச முடியாதவரின் நெற்றிச் சுருக்கத்தையும், புரட்டும்போது எழும் முனகலையும் கவனிக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, முந்தைய பதிலோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதாத வலி மறந்துபோகும்.

கடும் வலிக்கு முக்கியமான மருந்து மோர்பின். 1986இல் உலக சுகாதார அமைப்பு சொன்ன முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது: முடிந்தவரை வாய்வழி, நேரம் தவறாமல், வலியின் அளவுக்கு ஏற்ற மருந்து. வலி வந்தபின் கொடுப்பதல்ல, வராமல் இருக்கக் கொடுப்பது. சாதாரண மோர்பின் குளிசையின் வேலை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். அதனால் காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று போகும். நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருக்க, இரவு வேளைக்கு மட்டும் அளவைக் கூட்டி எழுதும் டொக்டர்களும் இருக்கிறார்கள். இந்த நேரங்களைச் சுவர்க் கலண்டரில் பெரிதாக எழுதித் தந்து, மருந்து கொடுப்பவரிடம் திரும்பச் சொல்லச் சொல்லும் தாதி தன் தொழிலை அறிந்தவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோர்பின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் அநேகமாக வந்தே தீரும். ஆகவே மோர்பினோடு மலமிளக்கியையும் சேர்த்து எழுதாத குழுவிடம் ஏன் என்று கேளுங்கள். வலி குறைந்தும் வயிறு இறுகிச் சாப்பிட முடியாமல் தவிக்கும் நோயாளிகள் இந்த ஒரு மறதியால் உண்டாகிறார்கள்.

"மோர்பின் குடுத்தா சீக்கிரம் போயிடுவார்" என்ற பயம் நம் ஊர்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. இந்தப் பயத்தை உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பொறுமை உள்ள குழுவையே தேடுங்கள். உகண்டாவில் 1993இல் ஹொஸ்பிஸ் தொடங்கிய டாக்டர் ஆன் மெரிமன் விலை குறைந்த மோர்பின் கரைசலைக் கொண்டே அந்த நாட்டின் கிராமங்கள் வரை வலி நிவாரணத்தைக் கொண்டுபோனார். பின்னர் விசேட பயிற்சி பெற்ற தாதியரும் அதை எழுதிக் கொடுக்க அங்கே சட்டம் இடம் தந்தது.

புண், மூச்சு, வாய்

தரம் தெரிவது சின்ன வேலைகளில். மார்பிலோ கன்னத்திலோ வெடித்த புற்றுநோய்ப் புண்ணின் நாற்றம் ஒரு மனிதரை வீட்டுக்குள்ளேயே ஒதுக்கிவிடும். பேரப்பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள், நோயாளியே அவர்களை வர வேண்டாம் என்பார். மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவிக் கட்டினால் அந்த நாற்றம் பெருமளவு அடங்கும். விலை மிகக் குறைந்த மருந்து. தாதியோ டொக்டரோ புண்ணைப் பார்த்துச் சொல்லித்தர வேண்டிய முறை இது. "நாற்றத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வருகிறதா, தடுமாறுகிறார்களா என்பதிலேயே அனுபவம் தெரிந்துவிடும்.

மூச்சுத் திணறலுக்கு எல்லோருக்கும் ஒட்சிசன் சிலிண்டர் தேவையில்லை. முகத்தில் காற்றுப்படுவதே பலருக்குத் திணறல் உணர்வைக் குறைக்கிறது. கட்டிலைக் கடற்காற்று வரும் யன்னல் பக்கம் திருப்பி, தலையை உயர்த்தி, பனையோலை விசிறியால் மூக்கும் கன்னமும் குளிர வீசச் சொல்லித்தரும் தாதியை நம்பலாம். எடுத்த எடுப்பிலேயே வாடகை இயந்திரங்களின் பட்டியலை நீட்டுபவரிடம் ஏன் என்று கேளுங்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, குதிகாலையும் இடுப்பெலும்பையும் தினமும் பார்ப்பது, தண்ணீர் விழுங்க முடியாதவரின் உதட்டையும் நாக்கையும் நனைத்த துணியால் துடைப்பது, இவற்றை அவர்களே செய்துவிட்டுப் போவது போதாது. வீட்டிலுள்ள பெண்ணுக்கும் ஆணுக்கும் கையைப் பிடித்துப் பழக்க வேண்டும்.

எந்த மொழியில் அழலாம்?

வலி தாங்காமல் புலம்புபவருக்கு விளங்குவது தாய்மொழி மட்டுமே. குழுவில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்பது மாம்புரிக் குடும்பங்களுக்கு இரண்டாந்தரக் கேள்வி அல்ல. மகன் மொழிபெயர்த்தால் போதும் என்று விடாதீர்கள். மகனுக்கு முன் சொல்ல முடியாத பயமும் வெட்கமும் அந்த நோயாளிக்கு இருக்கும்.

"அவருக்குச் சொல்ல வேண்டாம்" என்று குடும்பமே டொக்டரின் கையைப் பிடிப்பது நம் வழக்கம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் பெரும்பாலான நோயாளிகள் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள், தனியாக அந்தப் பாரத்தைச் சுமப்பார்கள். நல்ல குழு உண்மையை முகத்தில் எறியாது, பொய்யும் சொல்லாது. "உங்கட வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விருப்பம்?" என்று நோயாளியிடமே கேட்கும். காணி எழுதுவது, பேசாதிருந்த தம்பியைக் கூப்பிடுவது, கடன் தீர்ப்பது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நடக்கும்.

முஸ்லிம் வீட்டில் கிப்லாவை நோக்கிப் படுக்கவைத்துக் கலிமா சொல்லிக்கொடுக்கவும், கத்தோலிக்க வீட்டில் பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதல் கொடுக்கவும், இந்து வீட்டில் தீர்த்தம் வைக்கவும் இடம்விட்டு நிற்கத் தெரிந்தவர்களா என்றும் பாருங்கள். ஹொஸ்பிஸ் இல்லமானால் குடும்பத்தில் ஒருவர் இரவு தங்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள்.

பணமும் பதிவும்

தனியார் நிறுவனம் என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா, வரும் டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாதி என்று அனுப்பப்படுபவர் பயிற்சி பெற்ற தாதியா, துணைக்கு இருக்கும் பராமரிப்பாளரா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இருவருக்கும் வேலை வேறு, சம்பளம் வேறு. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். பூரண குணம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மரணத்துக்குப் பிறகு

வீட்டில் மரணம் நிகழ்ந்தால் யாரிடம் போவது என்பதை நல்ல குழு முன்னரே சொல்லிவைத்திருக்கும். கிராம உத்தியோகத்தருக்கு அறிவிப்பது, அவரின் அறிக்கையோடு பதிவாளரிடம் போவது, நோயைக் காட்ட டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துவைப்பது எல்லாம் அழுகையின் நடுவே கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. ஜனாஸாவை அன்றே அடக்க வேண்டிய வீட்டில் இந்த ஆயத்தம் இன்னும் அவசியம்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் திரும்ப வருகிறார்களா, ஒரு தடவையாவது கூப்பிடுகிறார்களா என்பதையும் தரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தூங்காமல் பார்த்த மகளுக்கு இப்போதுதான் காய்ச்சலும் தலைச்சுற்றும் வரும், "இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ" என்ற எண்ணமும் அப்போதுதான் தின்னும். அந்த வருகையின்போது மிச்சமிருக்கும் மோர்பின் குளிசைகளை எண்ணிக் கொப்பியில் குறித்து, கொடுத்த வைத்தியசாலைப் பார்மசியிலேயே திருப்பி ஒப்படைக்கவும் அவர்கள் உதவ வேண்டும். அதுவரை குளிசைகள் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்கட்டும்.