கொள்ளைநோயும் குடியானவர் செல்வமும்

கொள்ளைநோய் பரவுங்கால் உண்டாகும் உயிர்ச்சேதம் யாவர் கண்ணுக்கும் புலனாகும். நோய் நீங்கிய பின்னர் வயலிலும் களஞ்சியத்திலும் அது விட்டுச்செல்லும் நஷ்டமோ எளிதிற் புலப்படுவதன்று. பெரும்பாலோர் பயிர்த்தொழிலையே நம்பி வாழும் ஏழை நாடுகளில் இந்நஷ்டம் தேசத்தின் அபிவிருத்தியையே தடுத்துவிடும். இதற்கு நமது நாட்டுச் சரித்திரமே தக்க சான்றாகும்.

1918-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாயில் தோன்றிய இன்புளுயன்சா சுரம், செப்டம்பர் முதல் டிசம்பர் வரையில் இரண்டாம் முறை மிகக் கடுமையாய்ப் பரவிற்று. இந்தியாவில் மாண்டவர் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை இருக்கலாமெனப் பிற்காலத்தார் மதிப்பிட்டனர். மரணங்களைப் பதிய வேண்டிய கிராம உத்தியோகஸ்தர்களே பல இடங்களில் நோயுற்றமையால், கணக்குகள் எழுதப்படாமற் போயின. மதிப்பீடுகள் இவ்வளவு வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடியாயிருந்த ஜனத்தொகை, 1921-ல் 25.13 கோடியாகக் குறைந்தது.

ஏனைய சுரங்கள் குழந்தைகளையும் முதியோரையும் கொண்டுபோகும். இதுவோ 20 முதல் 40 வயது வரையுள்ள உழைப்பாளிகளை மிகுதியாய் வாரிக்கொண்டது. அவ்வருஷம் பருவமழையும் பொய்த்தது. வடநாட்டிலும் தக்காணத்திலும் முன்பருவ அறுவடையும் பின்பருவ விதைப்பும் நிகழ வேண்டிய மாதங்களிலேயே ஆட்கள் பாயிற் கிடந்தனர். தானிய விலை ஏறிற்று, தீவனம் அரிதாயிற்று.

கிராமங்களில் வேலையாட்கள் தேவைக்கு மிஞ்சியுள்ளனர், சிலர் குறைந்தாலும் விளைச்சல் குறையாது என்பது பொருளாதார அறிஞர் சிலரின் கொள்கை. அமெரிக்க அறிஞர் ஷுல்ட்ஸ் 1964-ல் இதனை மறுத்தார். இந்நோயால் பயிர்த்தொழிலாளர் ஏறத்தாழ 100-க்கு 8 பேர் குறைந்திருக்கலாமென்றும், 1919-20-ல் விதைத்த நிலப்பரப்பு 1916-17-ஐவிட 100-க்கு 3.8 பங்கு குறைந்ததென்றும் அவர் காட்டினார். இக்கணக்கை அமர்த்தியா சென் 1967-ல் ஆட்சேபித்தார். வாதம் எவ்வாறாயினும், பருவத்தில் கை குறைந்தால் நிலம் தரிசாகும் என்பது ஏர் பிடித்தவர் அறிந்ததே.

2020-ஆம் வருஷத்துக் கொரோனா நோயின்போது நேர்ந்த துன்பம் வேறு வகையினது. மார்ச் 25-ல் தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. சில நாட்களுக்குள் வயல்வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையில் தேசத்தின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வீழ்ந்தபோதும், வேளாண்மை சற்று வளர்ந்தது. ஆயினும் விளைந்ததை விற்க வழி அடைபட்டது. மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. நகரங்களில் பிழைப்பிழந்தோர் கிராமம் திரும்பினர். 2020-21-ல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 380 கோடிக்கு மேற்பட்ட மனித நாட்களுக்கு வேலை அளிக்கப்பட்டது. ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும் இலவசமாய் வழங்கப்பட்டது. உண்ண உணவும் சிறிது கூலியும் கிடைத்த குடும்பம், விதையைத் தின்னாமலும் மாட்டை விற்காமலும் அடுத்த பருவத்தை எதிர்நோக்க இயன்றது.

ஆகவே, நோயினின்று தேசம் மீள்வது குடியானவனிடம் எஞ்சியிருக்கும் முதலைப் பொறுத்தது. விதை, கால்நடை, கருவி ஆகிய மூன்றும் காப்பாற்றப்பட்டால் ஒரு போகத்தில் இழந்ததை மறுபோகத்தில் ஈட்டலாம். இவற்றை அரைவிலைக்கு விற்றவன் பல ஆண்டுகள் கடனாளியாவான்.

நிலமுடையோர் ஒரு போகத்துக்குரிய விதையைத் தனியே சேமித்து வைத்தல் நலம். ஆள் குறையும் காலத்தில் கருவிகளையும் இயந்திரங்களையும் முறைவைத்துப் பயன்படுத்த அண்டை நிலத்தாருடன் முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் நோயையும் மரணத்தையும் உடனுக்குடன் பதிந்து மேலிடத்துக்குத் தெரிவிப்பாராக. கணக்கில் ஏறாத துன்பத்துக்கு உதவி வந்து சேர்வது அரிது.