வேகம் போன பிறகு

விளையாட்டும் எழுத்தும் – 11

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எறிபவரான பிட்சர், கிரிக்கெட் பந்துவீச்சாளரைப் போல ஓடிவந்து வீசுவதில்லை; சற்றே உயர்த்தப்பட்ட மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவில் பதிக்கப்பட்டிருக்கும் ‘ஹோம் பிளேட்’ என்னும் ஐங்கோணத் தகட்டை நோக்கி, முழங்கையை மடக்கி நீட்டி, பந்து தரையில் படாமல் எறிகிறார். ஓட்டத்தின் உந்துதல் இல்லாமலேயே மணிக்கு 90 மைல் வேகத்தைப் பிறப்பிக்க வேண்டியிருப்பதால் தோளும் முழங்கையும் தாங்கும் பாரம் மிகப் பெரிது. ஆகவே ஒரு பிட்சரின் தொழில்வாழ்வு, கை எப்போது கெடும் என்ற அச்சத்தைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. அந்த அச்சத்தை உள்ளிருந்து எழுதியவர்களுள் முதலிடம் தரத்தக்கவர் ஜிம் பவுட்டன்.

1939இல் நியூஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் பிறந்த பவுட்டன், 1962இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அணியின் கணக்கில் மட்டுமன்றி, ஒரு குறிப்பிட்ட பிட்சரின் பெயரிலும் பதியப்படும். அந்தக் கணக்குப்படி 1963இல் அவர் பெற்றவை 21 வெற்றிகள், 7 தோல்விகள். மறு ஆண்டு 18 வெற்றிகளுடன், சாம்பியனைத் தீர்மானிக்கும் ‘வேர்ல்ட் சீரிஸ்’ தொடரிலும் இரண்டு ஆட்டங்களை வென்றார். எறியும் வேகத்தில் தலையிலிருந்து தொப்பி கழன்று விழுவது அவருடைய அடையாளமாகவே ஆகியிருந்தது. 1965இல் கை நோவு கண்டது. அவ்வாண்டின் கணக்கு 4 வெற்றிகள், 15 தோல்விகள்.

வேகம் கைவிட்ட நிலையில் அவர் திரும்பிச் சென்றது, சிறுவயதிலேயே பழகியிருந்த ‘நக்கிள்பால்’ என்னும் எறிக்கு. விரல்முட்டியைக் குறிக்கும் பெயர் இருந்தாலும் பந்து பெரும்பாலும் விரல்நுனிகளாலும் நகங்களாலுமே பற்றப்படுகிறது. சுழற்சி ஏறக்குறைய இல்லாதபடி அதைக் கையிலிருந்து தள்ளிவிடுவதே இதன் நுட்பம். வேகப்பந்தின் பின்சுழற்சி அதன் பாதையை ஒழுங்குபடுத்துகிறது. நக்கிள்பாலிலோ, பந்து மிக மெதுவாகத் திரும்பும்போது அதன் மேலுள்ள தையல் ஒரு கணம் ஒரு பக்கமும் மறுகணம் வேறொரு பக்கமும் காற்றோட்டத்தைக் குலைப்பதால், பந்து வழியிலேயே தள்ளாடி, எதிர்பாராத திசையில் இறங்குகிறது. அடிப்பவருக்கு மட்டுமல்ல, அதைப் பிடிக்க வேண்டிய கேட்சருக்கும், ஏன், எறிந்தவருக்குமேகூட அது எங்கே போகும் என்று தெரியாது. கைக்கு வருத்தம் குறைவு என்பதால் இந்த எறியை நம்பியவர்கள் நெடுங்காலம் ஆடினர்; ஹாய்ட் வில்ஹெல்ம் 49ஆம் வயதில்தான் ஓய்வு பெற்றார். ஆனால் நாள்தோறும் எறிந்து பழகாவிட்டால் விரல்நுனியின் உணர்வு தப்பிவிடும் என்பதும், அது தப்பிய நக்கிள்பால் எவரும் அடிக்கக்கூடிய மெதுவான பந்து மட்டுமே என்பதும் இதன் மறுபக்கம்.

1969ஆம் ஆண்டின் நாட்குறிப்பாக அமைந்த ‘பால் ஃபோர்’ நூலில் பவுட்டன் மீண்டும் மீண்டும் கேட்பது இந்தப் பயிற்சிக்கான வாய்ப்பைத்தான். அப்போது அவர் ஆடியது சியாட்டில் பைலட்ஸ் என்ற புதிய அணிக்கு. ஒரே பருவம் ஆடி 98 தோல்விகளுடன் முடிந்து, மறு ஆண்டே மில்வாக்கிக்குப் பெயர்ந்துவிட்ட அணி அது. பிட்சர்களுக்கான பயிற்சியாளர் சால் மேக்லி, பவுட்டனின் இளமைக்கால நாயகர். அவரோடுதான் எதை எறிவது, எவ்வளவு எறிவது என்ற ஓயாத பூசல். இடையில் வான்கூவரில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டு, திரும்ப அழைக்கப்பட்டு, ஆகஸ்டில் வேறு இரு பிட்சர்களுக்கு ஈடாக ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு மாற்றப்பட்டார்.

நூலின் பெயரே ஒரு கலைச்சொல். பிட்சர் எறியும் பந்து உரிய எல்லைக்கு வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்டால் அது ‘பால்’ எனப்படும். நான்காவது ‘பால்’ விழுந்ததும் பேட்டர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். லென்னர்ட் ஷெக்டர் செம்மை செய்ய, 1970இல் வெளிவந்த இந்நூலில், ஆட்டக்காரர்கள் விழுங்கிய ஊக்க மாத்திரைகளும் யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் குடியும் இடம்பெற்றதால், பேஸ்பால் ஆணையர் போவி கூன் ஆசிரியரை அழைத்து, அதில் இருப்பது உண்மையல்ல என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்; பவுட்டன் இணங்கவில்லை. தடுக்க முயன்றதே விற்பனைக்கு உதவியது என்பது வேறு கதை.

உண்மையில் அந்தக் கிசுகிசுக்களைவிடக் கனமானவை சம்பளத்தைப் பற்றிய பக்கங்களே. அக்கால ஒப்பந்தங்களில் இருந்த ‘ரிசர்வ்’ விதி, ஓர் ஆட்டக்காரர் தம்மை அணி விற்கும் வரை அல்லது விடுவிக்கும் வரை வேறெங்கும் போக முடியாதபடி கட்டிவைத்தது. 1968இல்தான் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்ந்தது. பேரம் பேச வழியற்ற அத்தொழிலாளியின் நிலையைப் பவுட்டன் நகைச்சுவையோடு எழுதியதாலேயே பலர் அதை வெறும் வேடிக்கை நூலாகப் படித்துவிட்டனர். தொழில் தகராறுகளுக்கான நடுவர் பீட்டர் சைட்ஸ் 1975 டிசம்பரில் அளித்த தீர்ப்பே ‘ரிசர்வ்’ விதியின் அந்தக் கட்டை உடைத்தது.

இந்நூலை எழுதியதற்காக, யாங்கீஸ் அணி தன் பழைய ஆட்டக்காரர்களுக்கு நடத்தும் விழாவுக்குப் பவுட்டனை 1998 வரை அழைக்கவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1970இல் ஆட்டத்தை விட்டு விலகியிருந்த அவர், 39ஆம் வயதில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக மீண்டும் மேடேறி, 1978 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை ஓர் ஆட்டத்தில் வென்றார். 2019இல் அவர் மறைந்தபோது பதிவேட்டில் இருந்த மொத்தக் கணக்கு: 62 வெற்றிகள், 63 தோல்விகள்.

(தொடரும்)