லாரி ரசீது எங்கே?

என் கணவர் மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். 2023 மே மாதம் அவரைப் புனேயிலிருந்து ஒரகடத்துக்கு மாற்றினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும் குடும்பங்கள் ஏராளம். அப்படி வரும் சகோதரிகள் என்னைப் போல் அவதிப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மாற்றல் செலவுக்கென்று கம்பெனி 60,000 ரூபாய் கொடுத்தது. ரயில் டிக்கெட், டாக்சிக்கு 14,000; சாமான் கட்டி ஏற்றி வர லாரிக்கு 46,000. சரியாகப் போய்விட்டது. லாரிக்காரர் கையால் எழுதித் தந்த ரசீதை, சாமான் அடுக்கும் அவசரத்தில், அரிசி டின்னுக்கு அடியில் விரித்து விட்டேன்!

ஜனவரியில் ஆபீசில் பில் கேட்டார்கள். "ஏம்மா, லாரி ரசீது எங்கே?" என்று இவர் கேட்டதும் டின்னைத் தூக்கிப் பார்த்தேன். ஈரம் பட்டு எழுத்தே தெரியவில்லை. பணமும் ரொக்கமாகக் கொடுத்தது. லாரிக்காரரின் போன் நம்பரும் உபயோகத்தில் இல்லை. 46,000 ரூபாயும் சம்பளத்தோடு சேர்ந்தது. 20 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். பிப்ரவரிச் சம்பளத்தில் 9,568 ரூபாய் பிடித்து விட்டார்கள். மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு அந்த மாதச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தோம். இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். "பரவாயில்லம்மா, இத்தனை நாள் தடவிக்கிட்டு இருந்தேன், இன்னும் ரெண்டு மாசம்தானே" என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

கீழ் வீட்டு அக்கா ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. மாற்றலின்போது பயணத்துக்கும், சாமான் கட்டி எடுத்துவரவும் கம்பெனி தரும் படியில், உண்மையாகச் செலவழித்த அளவுக்கு வரி கிடையாது. பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் இது உண்டு. நாங்கள் வந்தபோது இது 1961-ம் வருடச் சட்டத்தின் 10(14) பிரிவு. 2025-ல் இயற்றிய புதுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால், ஆபீசில் கேட்டுக் கொள்ளுங்கள். மீதமாகும் பணத்துக்கு வரி உண்டு. கம்பெனி ஒன்றும் தராமல் கைக்காசு போட்டு வந்தால், அதைச் சம்பளத்தில் கழித்துக் காட்ட வழியில்லை. வீட்டு அட்வான்ஸ், பள்ளிக்கூட ஃபீஸ் இதில் சேராது. வீடு கிடைக்கும்வரை கம்பெனி ஓட்டலில் தங்க வைத்தால், 15 நாள் வரை அதற்கு வரி இல்லை.

செலவைக் குறைக்க நான் கற்றுக்கொண்டவை:

* மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி எல்லாம் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். பெயர், தேதி போட்ட பில் வாங்கி, பணத்தை பேங்க் வழியாகக் கொடுங்கள். "பில் இல்லேன்னா குறைச்சுத் தர்றேன்" என்றால் மயங்காதீர்கள்.

* வேண்டாத சாமான்களைக் கிளம்பும் ஊரிலேயே கழித்து விடுங்கள். உடைந்த நாற்காலிக்கும் பழைய மெத்தைக்கும் லாரி வாடகை கொடுத்துக் கொண்டுவந்து, இங்கே காயலான் கடையில் போட்ட புத்திசாலி நான்!

* கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வந்தால், இங்கே அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம்.

* பைக்கை ரயில் பார்சலில் போடலாம். பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கொடுக்க வேண்டும். வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று முதலிலேயே வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

* வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் பேசிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நாங்கள் இதை எடுத்துச் சொல்லித்தான் பத்தை ஐந்தாக்கினோம்.

போன ஜூனில் என் நாத்தனார் குடும்பம் ஓசூரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தது. கிளம்பும் முன்பே ஒரு ஃபைல் வாங்கி, "சின்னச் சீட்டுகூட இதுக்குள்ளதான் போகணும்" என்று கொடுத்து அனுப்பச் சொன்னேன். "அண்ணி, ஒரு பைசா வரி பிடிக்கலை!" என்று அவள் போன் செய்தபோது, என் 9,568 ரூபாயே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டு அரிசி டின்னுக்கு அடியில் இப்போது பழைய காலண்டர் தாள்தான்!

- ஒரு வாசகி, ஒரகடம்.