லோசான்: விளையாட்டை ஆள்பவர்களின் ஊருக்கு ஒரு கல்விப் பயணம்

ஒலிம்பிக் போட்டி ஒவ்வொரு முறையும் ஊர் மாறும். அதை நடத்தும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அலுவலகமோ 1915 முதல் ஒரே ஊரில்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள லோசான்தான் அந்த ஊர். ஏரியிலிருந்து மேடேறிப் போகும் இந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக 50-க்கும் மேற்பட்ட விளையாட்டு அமைப்புகளுக்கு அலுவலகம் உண்டு. உலகெங்கும் விளையாட்டு மேலாண்மையும் சட்டமும் படிக்கும் மாணவர்கள் கல்விப் பயணமாக இங்கே வந்து போகிறார்கள்.

நம் மாணவர்களும் அப்படிப் போக வேண்டுமா, போனால் எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே எளிமையாகச் சொல்கிறேன். அங்கே கோப்பைகளும் பதக்கங்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் மாணவன் பார்த்துவர வேண்டியது, ஒரு வீரரின் தலைவிதியை எழுதும் விதிகளை யார் எழுதுகிறார்கள் என்பதை.

ஏன் சுவிட்சர்லாந்து?

நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக்காரர் பியர் தெ குபெர்த்தான், 1894-இல் பாரிஸில் ஒலிம்பிக் கமிட்டியை நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டதும், போரில் எந்தப் பக்கமும் சேராத சுவிட்சர்லாந்துக்கு அலுவலகத்தைக் கொண்டுபோனார். 1915 ஏப்ரல் 10-ஆம் தேதி லோசான் நகர மன்றத்தில் அதற்கான ஆவணம் கையெழுத்தானது. 1904-இல் பாரிஸில் பிறந்த உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் 1932-இல் சூரிச்சுக்குக் குடிபெயர்ந்தது. பெரியவர்கள் போன இடத்துக்கு மற்ற சம்மேளனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

இன்னொரு காரணம் சட்டம். சுவிஸ் உரிமையியல் சட்டத்தின் 60-ஆம் பிரிவு முதல் 79-ஆம் பிரிவு வரை சங்கங்களைப் பற்றியவை. லாப நோக்கமில்லாமல் சிலர் கூடி, எழுத்தில் ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டால் சங்கம் உருவாகிவிடும். தன் உள்விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் சுதந்திரமும் அதற்கு ஏராளம். ஒரு கிராமத்துப் பாட்டுக் குழு எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகிறதோ, அதே சட்டத்தின்கீழ்தான் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஃபிஃபாவும் ஒலிம்பிக் கமிட்டியும் இயங்குகின்றன. இந்தச் சுதந்திரம் அரசியல் தலையீட்டிலிருந்து விளையாட்டைக் காப்பாற்றியதும் உண்டு, ஊழலுக்கு நிழல் கொடுத்ததும் உண்டு. 2015 மே 27-ஆம் தேதி அதிகாலை, சூரிச் ஹோட்டல் ஒன்றில் ஃபிஃபா நிர்வாகிகள் கைதானது அதற்குச் சாட்சி. அதன் பிறகு சுவிஸ் நாடு தன் ஊழல் தடுப்புச் சட்டங்களை இறுக்கியது.

எந்த ஊரில் எது?

ஜெனீவா விமான நிலையத்தில் இறங்கினால், ஒரே ரயில் பாதையில் பாதிப் பயணம் முடிந்துவிடும். முதலில் வருவது நியோன். ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யுஈஎஃப்ஏ அங்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் லோசான். அதற்கும் அப்பால் ஏக்ல் என்ற சிற்றூரில் சர்வதேச சைக்கிள் சங்கமும், அதன் பயிற்சி மையமும் உள்ளன. 200 மீட்டர் மரத்தாலான ஓடுபாதை கொண்ட அந்த மையத்துக்கு, சொந்த நாட்டில் வசதியில்லாத இளம் வீரர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். ஃபிஃபாவைப் பார்க்க சூரிச் போக வேண்டும். லோசானிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஃபிஃபாவின் அருங்காட்சியகமும் அந்த நகரில்தான் இருக்கிறது.

லோசானுக்குள் நான்கு இடங்கள் முக்கியம். ஏரிக்கரையில், ஊஷி பகுதியில், 1993-இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக் அருங்காட்சியகம் முதலாவது. அதன் பக்கத்திலேயே ஒலிம்பிக் ஆய்வு மையம். பழைய போட்டிகளின் அதிகாரபூர்வ அறிக்கைகளை அங்கே கையில் எடுத்துப் படிக்கலாம். மூன்றாவது, வீடி பகுதியில் 2019 ஜூன் 23-இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக் மாளிகை. உள்ளே ஐந்து வளையங்களை நினைவூட்டும் மரப்படிக்கட்டு தளம் தளமாகச் சுழன்று மேலே போகிறது. இருந்த கட்டடங்களை இடித்தபோது கிடைத்த பொருள்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் போயின. நான்காவது, 2006-இல் திறக்கப்பட்ட சர்வதேச விளையாட்டு இல்லம். ஒரே வளாகத்தில் பல சம்மேளனங்கள் அங்கே அடுத்தடுத்து அலுவலகம் வைத்திருக்கின்றன. குபெர்த்தானின் கல்லறையும் இதே ஊரில்தான். அவருடைய இதயத்தை மட்டும் கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் அடக்கம் செய்தார்கள்.

எல்லாமே சுவிட்சர்லாந்தில் இல்லை. கிரிக்கெட்டின் ஐசிசி 2005 முதல் துபாயில் இருக்கிறது. பேட்மிண்டன் சம்மேளனம் கோலாலம்பூரில், உலகத் தடகள அமைப்பு மொனாக்கோவில். சதுரங்கத்தின் ஃபிடேவுக்கு லோசானில் அலுவலகம் உண்டு. ஆனால் 2022-இல் அதன் தலைவர் தேர்தல் நடந்தது சென்னையில். மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடை ஒட்டி நடந்த அந்தத் தேர்தலில்தான் விஸ்வநாதன் ஆனந்த் துணைத் தலைவரானார். சர்வதேச விளையாட்டு நிர்வாகம் நமக்கு எட்டாத ஒன்று என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு வாக்கு?

மாணவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வாக்குரிமையை. ஃபிஃபாவில் 211 உறுப்புச் சங்கங்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. ஒரு சின்னத் தீவின் சங்கத்துக்கும் பிரேசிலின் சங்கத்துக்கும் அங்கே சம எடை. ஒலிம்பிக் கமிட்டியின் கதை வேறு. அங்கே உறுப்பினர்கள் தனிமனிதர்கள், அதிகபட்சம் 115 பேர். புதிய உறுப்பினரை இருக்கிற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தங்கள் நாட்டின் பிரதிநிதிகளாகக் கமிட்டிக்கு வருவதில்லை. கமிட்டியின் பிரதிநிதிகளாகத் தங்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்று ஒலிம்பிக் சாசனம் சொல்கிறது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இவர்களே. 2025 மார்ச்சில் ஜிம்பாப்வேயின் முன்னாள் நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கவென்ட்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கரும் அவர்தான்.

பணம் பெரும்பாலும் ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும் வருகிறது. வருவாயில் 90 விழுக்காட்டை விளையாட்டுக்கே திருப்பிக் கொடுப்பதாக ஒலிம்பிக் கமிட்டி சொல்கிறது. அந்தப் பணம் சம்மேளனங்கள், தேசிய ஒலிம்பிக் கமிட்டிகள், போட்டி அமைப்பாளர்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. அதில் எவ்வளவு ஓடுபாதைக்கும் வீரருக்கும் போய்ச் சேருகிறது என்று மாணவர்கள் அங்கேயே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தடை என்றால் என்ன?

இந்த அமைப்புகளின் அதிகாரம் நம் வீரர்களைத் தொட்ட சம்பவங்கள் உண்டு. தேர்தல் முறைகேட்டையும் அரசுத் தலையீட்டையும் காட்டி, 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தை ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. அதனால் 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின்கீழ் நடந்தார்கள்.

2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. நீதிமன்றம் நியமித்த குழுவின் கையில் நிர்வாகம் இருந்ததை மூன்றாம் தரப்புத் தலையீடாக ஃபிஃபா பார்த்தது. அந்த நேரம் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக கோகுலம் கேரளா அணி உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. ஆட முடியாமலே அந்தப் பெண்கள் திரும்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் தடை நீங்கியது, அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் இந்தியாவில் நடந்தது. ஆனால் கோகுலம் அணி இழந்த ஆட்டங்கள் திரும்ப வரவில்லை. நிர்வாகிகள் செய்ததற்கு வீராங்கனைகள் விலை கொடுத்தார்கள்.

மேல்முறையீடு எங்கே?

இப்படிப்பட்ட முடிவுகளை எதிர்த்து எங்கே போவது? அதற்குத்தான் லோசானில் விளையாட்டு நடுவர் மன்றம் இருக்கிறது. 1984-இல் தொடங்கப்பட்டது. ஒலிம்பிக் கமிட்டியின் செல்லப்பிள்ளையாக இருக்கிறது என்ற கேள்வி எழுந்ததால், 1994-இல் தனி மேற்பார்வை அமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது. வழக்கமாக ஒரு நடுவரோ மூவரோ விசாரிப்பார்கள். சம்மேளனத்தின் விதிகள் வேறு கெடு சொல்லவில்லை என்றால், முடிவு கைக்கு வந்த 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் போக, அதே ஊரில் இருக்கும் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் உண்டு. ஆனால் அங்கே வாதிடக்கூடிய காரணங்கள் மிகக் குறைவு.

ஒரே ஒரு வழக்கைக் கிட்ட இருந்து பார்த்தால் இந்த ஊரின் முக்கியத்துவம் விளங்கிவிடும். ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த், உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகம் என்று சொல்லப்பட்டு 2014-இல் போட்டிகளிலிருந்து ஒதுக்கப்பட்டார். அவர் லோசானுக்கு மேல்முறையீடு செய்தார். இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. கனடா வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். விதியை எழுதிய தடகள சம்மேளனம்தான் அதற்கான அறிவியல் ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்றது மன்றம். அந்த ஹார்மோன் எந்த அளவுக்கு அனுகூலம் தருகிறது என்று போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2015 ஜூலையில் அந்த விதியையே இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார்.

இதைப் படிக்கும் தமிழருக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தே தீரும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பிறகு அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. டூட்டிக்காக எழுந்து நின்றது போல அன்று சாந்திக்காக ஆணையமும் நிற்கவில்லை, வழக்கறிஞர்களும் நிற்கவில்லை. அவர் பெயரில் ஒரு வழக்கும் லோசானுக்குப் போகவில்லை. போயிருந்தால் வென்றிருப்பாரா என்று சொல்ல முடியாது. ஆனால் கதவு இருக்கிறது, தட்ட வேண்டும் என்று சொல்ல அவர் பக்கத்தில் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரை உருவாக்கினால், ஒரு கல்விப் பயணத்துக்கு அதைவிடப் பெரிய பயன் வேறு வேண்டாம்.

சட்டம் டூட்டி வழக்கோடு நின்றுவிடவும் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் பற்றிப் பின்னால் வந்த புதிய விதிகளை எதிர்த்த தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை காஸ்டர் செமென்யா, 2019-இல் இதே மன்றத்தில் தோற்றார், 2020-இல் சுவிஸ் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, அவருக்குச் சுவிஸ் நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

கிளம்பும் முன்

விசா: இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள் ஆகும் என்றாலும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

அனுமதி: அருங்காட்சியகங்களுக்கு டிக்கெட் வாங்கிப் போகலாம். அலுவலகங்களுக்கு அப்படி நுழைய முடியாது. கல்லூரியின் தலைப்புத்தாளில், என்ன படிக்கிறோம், யாரைச் சந்திக்க விரும்புகிறோம், என்ன கேட்கப்போகிறோம் என்று தெளிவாக எழுதி, பல மாதங்கள் முன்பே அனுப்புங்கள். நடுவர் மன்றத்தின் விசாரணைகள் பெரும்பாலும் மூடிய அறையில் நடப்பவை. அங்கே விளக்க உரை கேட்பதை மட்டும் எதிர்பாருங்கள்.

செலவு: சுவிட்சர்லாந்து விலை அதிகமான நாடு. இளைஞர் விடுதியில் தங்கி, மிக்ரோ, கோப் போன்ற கடைகளில் வாங்கிச் சாப்பிட்டால் கட்டுப்படும். லோசானில் பதிவுபெற்ற விடுதிகளில் தங்குவோருக்கு உள்ளூர்ப் பேருந்து, மெட்ரோவில் இலவசமாகப் போகும் அட்டை கிடைக்கும்.

படிப்பு: ஒலிம்பிக் சாசனத்தையும், டூட்டி சந்த் தீர்ப்பையும் புறப்படும் முன் படித்துவிடுங்கள். தீர்ப்பு 150 பக்கத்துக்கு மேல் போகும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு வகுப்பில் விவாதிக்கலாம்.

என்ன கேட்பது?

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான்கு கேள்விகள் போதும். இந்த விதியை யார் எழுதினார்கள்? எழுதியவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? பாதிக்கப்பட்ட வீரர் எத்தனை நாளுக்குள், யாரிடம் முறையிட வேண்டும்? கிடைக்கும் பதில்களை மாணவர்கள் அன்றன்றே எழுதிவைக்கட்டும். ஊர் திரும்பியதும் அந்தக் குறிப்புகளைத் தமிழில் தொகுத்து, மாவட்ட விளையாட்டு அரங்குகளில் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் கொடுங்கள்.

போக வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒலிம்பிக் சாசனம், ஃபிஃபாவின் சட்டதிட்டங்கள், நடுவர் மன்றம் வெளியிட்ட தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும், நம் சட்டக் கல்லூரிகளிலும் இவற்றைப் பாடமாக வைத்து வாரம் ஒரு தீர்ப்பைப் படித்தாலே, பயணத்தின் பாதிப் பலன் இங்கேயே கிடைத்துவிடும். அடுத்த முறை நம் பிள்ளை ஒருத்திக்கு அநீதி நடந்தால், 21 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர் அவளுடைய மாவட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆசிரியர்களே, அதற்கான வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.